தோல் ஷாப்புக்கு ஒரு லைசென்ஸ்

தோல் பதனிடும் ‘ஷாப்பு’கள் நிறைந்த பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் முனிசிபல் ஆபீஸில், பிள்ளை பிறந்ததைப் பதிய வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பாய், ஜன்னலில் குனிந்து சொன்னார்:

“என் வாடகை வூட்டைத் தோல் ஷாப்புன்னு எழுதிக்கோங்க சார்.”

குமாஸ்தா அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்தார். “இன்னா பாய், வெளையாட்றீங்களா?”

“பக்கத்துல தோல் ஷாப்பு வெச்சிருக்கிற மொதலாளிதான் வூட்டுக்கும் சொந்தக்காரர். ஷாப்புகிட்ட மனுஷன் குடியிருக்கக்கூடாது, காலி பண்ணுன்னு உங்க நோட்டீஸ் வந்துச்சு. ஷாப்புகிட்ட ஷாப்பு இருக்கலாமில்ல? அண்டாவுல ரெண்டு ஆட்டுத்தோல் ஊறப்போட்டுட்டேன். லைசென்ஸ் குடுங்க.”

“வீடுங்களுக்கு நடுவுல ஷாப்புக்கு லைசென்ஸ் குடுக்கமாட்டோம். சட்டம் அப்படி.”

“வூடா? அங்க வூடே இல்லைன்னு நீங்கதானே சார், மொதலாளி லைசென்ஸுல எழுதிக் குடுத்தீங்க?”