நம்ம கோயில் நெருப்புதான்

— டீ வேணாம்னா விடுங்க மேடம். ஆனா ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க. எம்மவ ஷாமினி எரியுற வீட்டுக்குள்ள கெடந்தப்ப, தீயணைக்க வர வேண்டிய பொம்பா வண்டி எங்க போயிருந்துச்சு?

— அதக் கண்டுபிடிக்கத்தான் அக்கா வந்திருக்கேன். நான் தீயணைக்கப் போற ஆளு இல்ல. எந்த ஸ்டேஷன் வண்டி எவ்வளவு சீக்கிரம் போச்சு, லேட்டாச்சுன்னா ஏன் லேட்டாச்சு, அடுத்த தடவ என்ன மாத்தணும், இதெல்லாம் செக் பண்றதுதான் என் வேலை. பேரு ரோகினி.

— அடுத்த தடவயா? எனக்கு ஏது மேடம் அடுத்த தடவ? இருந்தது ஒத்தப் புள்ள.

— மோகனா, அந்தப் பொண்ண ஏன் தாயி கோச்சுக்குற? அது கேக்க வந்தத கேட்டுக்கிட்டுப் போவட்டும்.

— நீங்க சும்மா இருங்க சன்னாசி அண்ணே. உங்களச் சொல்லல. எங்க வீடு கரியாப் போன அன்னிக்கே உங்க வீட்டத் தொறந்து விட்டீங்க, இன்னிக்கி வரைக்கும் சோறு போடுறீங்க. நீங்க தெய்வம் மாதிரி. நான் கேக்குறது பொம்பாவ.

— சரி தாயி, சரி. ஆத்தா பாத்துக்குவா.

— அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் கொஞ்சம் பேசணும். தர்மராஜ் தானே பேரு?

— அவருகிட்ட என்னத்தப் பேசுவீங்க? அந்த ரூம்புலதான் படுத்திருக்காரு. கையி ரெண்டும் கட்டு. நெருப்பு மாதிரி காஞ்சு கெடந்த கதவு கிரில்ல வெறுங்கையால புடிச்சு இழுத்தவரு மேடம். சோறு ஊட்டுனா வாங்குறாரு, ஊட்டலன்னா கேக்க மாட்டாரு. எப்பவாச்சும் வாயத் தொறந்தா ஒரே பேச்சுதான். "பொம்பா ஏன் வரல மோகனா? ஏன் வரல?" நான் என்னத்தச் சொல்ல? அதுக்குத்தான் உங்க ஆபீசுல புகார் குடுத்தேன். யாரால லேட்டாச்சு, எனக்கு அந்த ஆளு பேரு வேணும். பேரக் கொண்டுபோயி அவரு கையில குடுக்கணும். திட்டவாச்சும் ஒரு ஆளு கெடைச்சா அந்த மனுசன் எந்திரிச்சு உக்காருவாரு. இல்லன்னா அவரும் போயிருவாரு, சொல்லிட்டேன்.

— புரியுதுக்கா. ஒரு விசயம் சொல்றேன், கோச்சுக்காதீங்க. பேப்பர்ல பாத்தா வண்டி லேட்டே இல்ல.

— என்னாது?

— நீங்க புகார் குடுக்கலன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். இந்தத் தோட்டத்து லயத்து வீடுங்கள்லேர்ந்து ஆளுங்க கூப்பிட்டதுக்கு வண்டி சீக்கிரமாதான் வந்திருக்கு. அந்த ஸ்டேஷனுக்கு நல்ல மார்க்கு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலயே ஒரு போன் வந்திருக்கு. அது கணக்குலயே சேரல. அத நான் தோண்டித்தான் எடுத்தேன்.

— யாரு கூப்பிட்டது?

— நம்ம ஆளு இல்ல. பிடி டவுன் கடற்கரைக்குப் போய்க்கிட்டிருந்த ஒரு மலாய்க்காரரு. சுவா ரோட்டுல காரை நிறுத்திட்டு, செம்பனை மரத்துக்கு மேல கறுப்பா புகை ஏறுதுன்னு சொல்லியிருக்காரு.

— அப்பவே வந்திருந்தா எம்மவ பொழச்சிருப்பாளா?

— உறுதியா சொல்ல முடியாதுக்கா. ஆனா நேரம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

— ஐயோ... ஐயோ எந்தங்கமே... ராத்திரி பூரா செனாவாங் ஃபேக்டரியில நின்னுட்டு வந்து படுத்தவ மேடம். "நீங்க போங்கம்மா, நான் கொஞ்சம் தூங்கிட்டு தீமிதி பாக்க வந்துடுறேன்"னா. வெளிய நாய் கத்துனாக்கூட எந்திரிக்க மாட்டா, அப்படி ஒரு தூக்கம். அந்தப் பழைய கரண்டு வயரு எப்பத் தீப்புடிச்சுதோ, எப்படிப் புடிச்சுதோ.

— வயரு மாத்தணும்னு எங்க ஆளுங்க மொதல்லயே வந்து சொல்லிட்டுத்தான் போனாங்க. அதையும் எழுதுவேன்.

— கம்பெனிக்காரன் எங்கம்மா மாத்துவான்? லயத்த இடிக்கத்தான போறோம், எதுக்கு வீண் செலவுங்கிறான். இடிக்கவும் மாட்டேங்கிறான். நாங்க நடுவுல கெடக்குறோம் லா.

— சன்னாசி அண்ணே, பேச்ச மாத்தாதீங்க. மேடம், அந்த மலாய்க்காரரு கூப்பிட்டாருல்ல, அப்ப ஏன் வண்டி கெளம்பல?

— அன்னிக்கு என்ன நாளுக்கா?

— தீமிதி நாளு. அதுக்கென்ன?

— அங்கிள், நீங்க சொல்லுங்க. கோயில் தலைவரு நீங்கதான. ஸ்டேஷன்ல என்ன சொல்லி வச்சிருந்தீங்க?

— அது வந்தும்மா... வருசா வருசம் இதே ரோதனதான். பூக்குழிக்கு நாங்க கட்டை அடுக்கி பத்த வப்போம். ரோட்டுல போறவன் புகையப் பாத்துட்டு காடு எரியுதுன்னு பொம்பாவுக்குப் போன் போட்டுருவான். இவங்க சங்கு ஊதிக்கிட்டு வந்து நிப்பாங்க. போன வருசம் ஒரு பையன் பூட்ஸ் காலோட குழிகிட்ட போயி பைப்ப நீட்டிட்டான் லா. விரதம் இருந்த பயலுங்க அடிக்கப் பாஞ்சுட்டானுங்க. நான்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். அதான் இந்தத் தடவ நேராப் போயி சைபுதீன் ஆபீசரப் பாத்தோம். நம்ம தமிழ் முஸ்லிம்தான், நல்ல மனுசன். யாராச்சும் புகைன்னு கூப்பிட்டா எங்க நம்பருக்கு ஒரு போன் அடிங்க, நம்ம நெருப்புதானான்னு பாத்து சொல்லிடுறோம்னு சொல்லிட்டு வந்தோம். அவரும் ஒத்துக்கிட்டாரு.

— அதே மாதிரி அன்னிக்கும் போன் அடிச்சாரு. யாரோ எடுத்துருக்காங்க. கோயில் நெருப்புதான், வர வேணாம்னு சொல்லிட்டாங்க.

— என்னாது?

— போன்ல என்ன சொன்னாலும் ஒரு வண்டிய அனுப்பி கண்ணால பாத்திருக்கணும். அது எங்க தப்பு, அத நான் மறைக்க மாட்டேன். இனிமே எந்தத் திருவிழான்னாலும் வண்டி போயித்தான் ஆவணும்னு எழுதப் போறேன். ஆனா அந்தப் போன எடுத்தது யாருன்னும் எழுதியாவணும்.

— யாரு? யாரு மேடம் எடுத்தது?

— அக்கா, மொதல்ல உக்காருங்க.

— உக்கார மாட்டேன். யாருன்னு சொல்லுங்க!

— நான்தான் தாயி.

— என்ன அண்ணே?

— நான்தான் எடுத்தேன். நான்தான் வராதன்னு சொன்னேன்.

— நீங்களா?

— ஆமா தாயி. புகையப் பாத்தேன். நம்ம குழிதான்னு நெனச்சுட்டேன்.

— அடப்பாவி! உன் வீட்டுல உக்காந்து உன் சோத்தத் தின்னேனே! எம் புருசனுக்கு உன் வீட்டுக் கஞ்சியத்தான ஊட்டுனேன்! கருமாதி அன்னிக்கு எனக்கு முன்னால நின்னு அழுதியே, வெக்கமா இல்ல உனக்கு? வாய் இருந்துச்சுல்ல, ஏன் சொல்லல?

— சொல்ல தைரியம் இல்ல தாயி. திட்டு. நல்லாத் திட்டு.

— உன்னத் திட்டி எம்மவ வருவாளா? மேடம், நானும் பாத்தேன் அந்தப் புகைய. கோயில் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். குழிக்கு அந்தப் பக்கமா, மரத்துக்கு மேல குபுகுபுன்னு வந்துச்சு. இந்த வருசம் குழி நல்லா எரியுது, ஆத்தா மனசு குளுந்துட்டான்னு சொல்லிக்கிட்டே கையெடுத்துக் கும்புட்டேன். எம்மவ எரியுறா, நான் கும்புட்டுக்கிட்டு நிக்குறேன். இந்த நெனப்பே என்னக் கொல்லுது மேடம். ஆனா நான் போன்ல வராதன்னு சொல்லல. இந்த ஆளு சொல்லியிருக்கான்!

— அக்கா, ஒரு நிமிசம். அங்கிள், எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் போன் வந்தப்ப கரகம் ஆத்தங்கரையிலேர்ந்து வந்துக்கிட்டிருந்துச்சு, இல்லையா?

— ஆமாம்மா.

— கரகம் எடுத்தது நீங்க.

— நான்தான். வருசா வருசம் நான்தான்.

— அப்ப போன் எப்படி உங்க கையில?

— இடுப்புல சொருகியிருந்தேன் லா.

— வேட்டிக்கு மேல மஞ்சத்துணி, தலையில கரகம், சுத்தி மேளம். போன எடுத்து பேசுனீங்களா?

— பேசுனேன்மா. அவசரத்துக்கு என்ன செய்ய?

— வேற யார்கிட்டயாச்சும் குடுத்து வச்சீங்களா? ஞாபகப்படுத்திப் பாருங்க.

— குடுக்கல. நான்தான்னு சொல்றேன்ல, எழுதிக்க. போலீசு கூப்பிட்டாலும் வந்து இதையேதான் சொல்லுவேன். பொண்டாட்டி செத்துட்டா, புள்ளைங்க சிங்கப்பூர்ல. எனக்கு என்ன வந்துறப் போவுது.

— கரகத்தத் தலையில வச்சுக்கிட்டு போன் பேசுனியா நீ? ஆத்தாள சொமந்துக்கிட்டு? அப்படி என்ன பெரிய தலைவரு வேல உனக்கு? எம் புருசனப் பாரு. விடியக்காலமே போயி கட்டை அடுக்குனாரு. அதுக்கப்புறம் குழிய விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகரல. தண்ணிகூடக் குடிக்கல. அந்த மனுசனுக்கு இருந்த பக்தியில கொஞ்சமாச்சும் உனக்கு இருந்துச்சா?

— இல்ல தாயி. எனக்கு இல்ல.

— அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. போன்ல பேசுன ரெக்கார்டிங் என்கிட்ட இருக்கு. நான் பல தடவ கேட்டுட்டேன். உங்க குரல் மாதிரி எனக்குத் தோணல.

— போன்ல குரல் மாறும்மா. மேளச் சத்தம் வேற.

— இருக்கலாம். அதுக்குத்தான் குரல் தெரிஞ்சவங்க யாராச்சும் கேட்டு சொல்லணும்னு கொண்டாந்தேன்.

— போடுங்க மேடம். நான் கேக்குறேன்.

— வேணாம் மோகனா. நான்தான் ஒத்துக்கிட்டேனே. எதுக்கு தாயி அத வேற கேட்டு மனசப் புண்ணாக்கிக்குற?

— கேக்கணும். எந்த வாய் சொல்லுச்சுன்னு எங்காதால கேக்கணும். கேட்டுட்டு நேரா அவருகிட்ட போயி, "இந்தாங்க, இந்த சன்னாசிதான் நம்ம புள்ளயக் கொன்னவன்"னு சொல்லுவேன்.

— உங்கால்ல விழறேன் மோகனா. கேக்காத.

— தள்ளு அங்கிட்டு. போடுங்க மேடம்.

— சரிக்கா. சின்னதுதான். கேளுங்க.

— "ஹலோ, கோயில் நம்பரா? சைபுதீன் பேசுறேன், பொம்பாலேர்ந்து. ரோட்டுலேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டாரு, கறுப்பா புகை வருதாம். உங்க நெருப்புதானா?"

— "என்னாது? சத்தமாப் பேசுங்க, மேளம் அடிக்கிறானுங்க. ஆங்... ஆமாமா, நம்ம கோயில் நெருப்புதான். வேற என்ன எரியப் போவுது இங்க? நான் பக்கத்துலயேதான் நிக்குறேன். நீங்க வர வேணாம். பூட்ஸ் போட்டுட்டு திரும்பவும் வந்துறாதீங்க, ஆமா! சாயங்காலம் அன்னதானம் இருக்கு, சாப்பிட வாங்க."

— அக்கா? அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?

— இன்னொரு தடவ போடுங்க.

— போடாதம்மா. போதும். அது தாங்காது.

— போடுங்க மேடம்.

— "...ஆமாமா, நம்ம கோயில் நெருப்புதான். வேற என்ன எரியப் போவுது இங்க? நான் பக்கத்துலயேதான்..."

— நிறுத்துங்க. நிறுத்துங்க மேடம், போதும்.

— நிதானமா யோசிச்சு சொல்லுங்கக்கா. இது யாரு குரல்?

— மோகனா... நான் சொன்னதையே சொல்லு தாயி.

— இவரு... சன்னாசி அண்ணன் குரல்தான். அப்படியே எழுதிக்குங்க.

— நிச்சயமாவா அக்கா?

— நிச்சயம் மேடம். ஆனா இத இங்க திரும்பவும் போட்டுறாதீங்க, உள்ள எம் புருசன் முழிச்சுட்டா தன் குரல தானே கேட்டுருவாரு.