அவள் அறையில் வைத்த நாற்பது தொட்டிகள்

குச்சியிலிருந்து செடி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலில் செருகினால் போதும். செடி நர்சரியில் பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை.

என் நாத்தனாருக்கு மூச்சிரைப்பு. கணவன் போனபின் எங்களோடு வந்து தங்கினாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அறை காய்ந்திருக்க வேண்டுமாம், ஜன்னல் திறந்திருக்க வேண்டுமாம், சுவரில் பூசணம் ஏறினால் உயிருக்கே ஆபத்தாம். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவள் கலகலப்பானவள். வந்த புதிதில், உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது என் தொட்டிகளைக் காட்டிச் சொன்னாள்: "அண்ணி கைபட்டா குச்சிகூடப் பிடிச்சுக்குது. அண்ணி வயித்துலதான் ஒண்ணும் தங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே டீ கொடுத்தேன்.

மழை பிடித்ததும் நாற்பது தொட்டிகளை அவள் அறைக்கு மாற்றினேன். குச்சிக்குப் புழுக்கம் வேண்டும் என்றேன். ஜன்னலை ஆணியடித்து மூடினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன், கட்டிலைச் சுற்றித் தரையிலும் கொஞ்சம். மூன்றாவது வாரம் சுவர் கறுத்தது. துடைக்கச் சொன்னாள். ஈரத் துணியால் துடைத்தேன்.

"அண்ணி, ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன். மூச்சு முட்டுது."

"வேர் விடுற நேரம்மா. இன்னும் பத்து நாள் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். செடி என்றால் எனக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். போனில் அண்ணனிடம்கூட என்னைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அன்று காலை அவள் மூச்சு இழுப்பது கூடம்வரை கேட்டது. இன்ஹேலரைக் கேட்டாள். அது என் இடுப்பில் செருகியிருந்தது. மாடிக்குப் போனேன். அங்கே அறுபது குச்சிகள் திறந்த வெளியில் இருந்தன, எல்லாமே வேர் பிடித்திருந்தன. இந்த ஈரக் காற்றில் அப்படித்தான் வைக்க வேண்டும். மூடிய அறையில் வைத்தால் அழுகிவிடும். அவள் அறையில் இருந்தவை முதல் வாரமே அழுகிவிட்டன. அழுகும் என்று தெரிந்துதான் வைத்தேன். செத்த குச்சிகளுக்குத்தான் அத்தனை நாளும் தண்ணீர் தெளித்தேன்.

அறுபதையும் ஒவ்வொன்றாகத் தொட்டி மாற்றி நட்டுவிட்டுக் கீழே வந்தபோது சத்தம் நின்றிருந்தது.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். எனக்குக் கோபமே வராது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.