வலிச்சா இடது கையைத் தூக்குங்க

வேணாம் சார், பேசாதீங்க. நாக்கக் கடிச்சுக்குவீங்க. உதடு தடிச்ச மாதிரி இருக்கா? தலைய மட்டும் ஆட்டுங்க. சரி, இன்னும் கொஞ்ச நேரத்துல முழுசா மரத்துடும். வாயத் தொறந்து வெச்சுக்கங்க, பேசற வேலைய நான் பார்த்துக்கறேன். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, ஒடனே நிறுத்திடுவேன். வலது கை வேணாம், அந்தப் பக்கம் நான் நிப்பேன். இடிச்சீங்கன்னா மெஷின் முனை எங்க போகும்னு எனக்கே தெரியாது.

மாஸ்க்கா? தாடையில தொங்குது பாருங்க. தேவைப்பட்டா ஏத்திக்கறேன். உங்களுக்கு ஒரு காது மந்தம்னு ஃபோன்ல சொன்னீங்களே, மாஸ்க்குக்குள்ளேருந்து பேசினா உங்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும். எனக்கோ ஒரு வரி விட்டுப் போனாலும் மனசு கேக்காது. வாத்தியார் வீட்டுப் பொண்ணு.

ஜன்னல் இருக்கட்டும் சார், மூடியே இருக்கட்டும். தொறந்தா பக்கத்துச் சிற்பப் பட்டறையிலேருந்து கல்லுத் தூசி. அந்தப் பட்டறை துரையே காலைல எட்டிப் பார்த்துட்டு, இன்னாம்மா, பட்டப்பகல்ல ஜன்னல மூடிகினு கீறீங்கன்னு கேட்டுட்டுப் போனான். ஏசியும் வேணாம், எனக்குக் குளிருது. வேர்க்குதா? டிஷ்யூ இந்தாங்க.

தமிழ்ச்செல்வியா? அசிஸ்டென்ட் பொண்ண இன்னிக்கு வர வேணாம்னுட்டேன். மத்த பேஷன்ட்டையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். உங்க ஒருத்தருக்காகத்தான் க்ளினிக்கத் தொறந்து வெச்சிருக்கேன். நாளைக்குப் பேரனுக்குத் திருவிடந்தையில காதுகுத்து. உங்க பொண்ணு சாருலதாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால மாமன் ஸ்தானத்துல தாத்தா மடியிலதான் புள்ள ஒக்காரப் போறான். அத்தன பேர் செல்ஃபோன நீட்டிக்கிட்டு நிக்கறப்ப தாத்தாவுக்கு முன்பல்லு ஆடக் கூடாது. எப்படியாவது இன்னிக்கே முடிச்சுடுங்க மேடம்னு என்னமா கெஞ்சினீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவ கல்யாணத்தப்பவும் அட்சரம் பிசகாம இதையேதான் எங்க வீட்டுக்காரர் கிரிதர்கிட்ட சொன்னீங்க.

ஆமா, வாசல்ல வந்தப்ப சொன்னீங்க. கிரிதர் மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும், எல்லாம் விதின்னு. கேட்டேன். விதிங்கறது ரொம்ப வசதியான வார்த்தை சார், யார் தலையில வெச்சாலும் பொருந்தும்.

இந்த முன்பல்லு மேல இருக்கறது அவர் ஒட்டின கேப்புதான். இத்தன வருஷம் நின்னிருக்கு, உள்ள சொத்தை வந்ததாலதான் இப்ப ஆடுது. வேலைய குறை சொல்ல முடியாது. அவர் கையால கடைசியா ஒட்டினது இது. உங்க வாயில இருக்கு. நான் அறுத்து எடுக்கப் போறேன்.

பயப்படாதீங்க, மரத்துப் போனதும்தான்.

அதுவரைக்கும் ஒண்ணு கேக்கறேன். நீங்க ரிடையர் ஆகற வரைக்கும் அணுமின் நிலையத்துக்குச் சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்கிட்டுப் போவீங்க இல்ல? உடம்புல எவ்ளோ கதிர் பட்டுச்சுன்னு அது காட்டிக் குடுத்துடும். அளவுக்கு மேல போனா உள்ளயே விட மாட்டாங்க. நல்ல ஏற்பாடு. எங்களுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஒரு மனுஷனோட மூச்சுக்கு இவ்ளோ கிட்டப் போறது ரெண்டே பேர்தான், ஒண்ணு சம்சாரம், இன்னொண்ணு பல் டாக்டர். சம்சாரமாவது மூஞ்சியத் திருப்பிக்கலாம். இந்த மெஷின் சுத்தறப்ப தண்ணி பீச்சுது பாருங்க, அது உங்க எச்சியையும் சேர்த்துக்கிட்டுப் புகை மாதிரி கெளம்பும். எங்க பாஷையில அதுக்கு ஒரு பெரிய பேரு இருக்கு. நான் தூவானம்னு சொல்லுவேன், தமிழ்ல அழகா இருக்கற வார்த்தைய எதுக்கு விடணும்? பெருசு பெருசா இருக்கற துளி கீழ விழுந்துடும். பொடிசு விழாது. ஜன்னல் மூடியிருந்தா நாம கெளம்பிப் போனப்பறமும் ரூமுக்குள்ள மெதந்துக்கிட்டே இருக்கும். அதுல எவ்ளோ உள்ள போச்சுன்னு காட்ட எந்த பேட்ஜும் கிடையாது. பேஷன்ட் சொல்ற வார்த்தைதான் எங்களுக்கு பேட்ஜ்.

அதனாலதான் கொரோனா ரெண்டாவது அலை அடிச்ச அந்த மே மாசம் க்ளினிக்கப் பூட்டி வெச்சிருந்தோம். வீக்கம், ரத்தம்னா மட்டும் பார்க்கறது. மெஷினத் தொடறதில்ல. கேப் கழண்டதெல்லாம் அவசரமான்னு கேட்டது நான்தான். கிரிதர்தான், பாவம்டி, ஒரே பொண்ணு, பொண்ணுக்கு அப்பா பொக்கையா நின்னா நல்லாவா இருக்கும்னாரு. அவர் எதுக்கும் பாவம்னு சொல்ற ஆளு. கொசு அடிக்கறதுக்கு முன்னாடியும் யோசிப்பாரு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ, அன்னிக்குப் பொட்டலம் கட்டின மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னது நான்தான். நர்ஸுன்னு நெனச்சு சிஸ்டர்னு கூப்பிட்டீங்க. உங்க நெத்தியில காய்ச்சல் பார்க்கற அந்தத் துப்பாக்கிய வெச்சதும் நான்தான். பச்சையாக் காட்டிச்சு. காய்ச்சல், இருமல் எதாவது உண்டான்னு கேட்டேன். நீங்க சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். வெயில்ல வந்தேன் சிஸ்டர், லேசா தலைவலி, அவ்ளோதான், பயப்படாதீங்க.

சார், சும்மாதான் கேக்கறேன். அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் இருந்துச்சா? இருந்துச்சுன்னா இடது கையத் தூக்குங்க. வலின்னு எடுத்துக்க மாட்டேன்.

இல்லையா. சரி.

மரத்துடுச்சு, ஆரம்பிக்கறேன். சத்தம் வரும். நான் கொஞ்சம் கிட்ட வந்து குனிஞ்சுக்கறேன், வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியல. ம்... அசையாதீங்க.

பாருங்க, கேப் ரெண்டா வந்துடுச்சு. ஓரத்தப் பாருங்க, எவ்ளோ நறுவிசு. இந்த ஓரம் சரியா தெரியலன்னுதான் அவர் முகத்துக்கு முன்னாடி இருந்த அந்தக் கண்ணாடித் தடுப்பத் தூக்கி விட்டாரு. மூச்சுப் பட்டு ஆவி படிஞ்சு மறைக்குது, முன்பல்லு, மயிரிழை தப்பினாலும் போட்டோல தெரியும்னாரு. மூக்குல இருந்தது வெயில்ல காயப் போட்டுக் காயப் போட்டு திருப்பி மாட்டிக்கிட்ட மாஸ்க்கு. அப்பக் கடையில எங்க கெடச்சுது? முதல் தடுப்பூசி போட்டாச்சு, ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தாரு. நான் பக்கத்துல நின்னு எச்சிய உறிஞ்சற குழாயப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதுக்குக் காரணம் எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்கல, தேடிப் பார்த்துட்டேன்.

துப்பிக்கங்க. இல்ல இல்ல, எழுந்துக்க வேணாம், பேசவும் வேணாம். இன்னும் கொஞ்சம் இழைக்கணும்.

உங்க வீட்டுக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. அதுக்கு மறுநாள் கிரிதருக்கு ஒடம்பு சுட்டுச்சு. அந்த டிரெஸ்ஸுக்குள்ள வெந்த சூடுன்னு அவர் சொன்னாரு. எனக்கு ஒரு சந்தேகம், உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். பண்ணினது ஞாபகம் இருக்கும், பின்னாடி நாதஸ்வர கேசட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. வீட்ல யாருக்காவது காய்ச்சல் உண்டா சார்னு கேட்டேன். பெருமாள் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம் சிஸ்டர்னீங்க. அவர் பக்கத்துலேருந்து, கேப் நல்லா ஒக்காந்துச்சான்னு கேளுன்னாரு. கேட்டேன். பிரமாதம்னீங்க. அவருக்கு அவ்ளோ சந்தோஷம். பாரு, அவருக்கே ஒண்ணும் இல்ல, இது சூடுதான்னு மோரக் குடிச்சுட்டுப் படுத்துட்டாரு. டெஸ்ட்டும் வேணாம்னுட்டாரு. நானும் விட்டுட்டேன். நீங்க சொன்னீங்களே. உங்க மாதிரி படிச்சவர், வாழ்நாள் முழுக்க அளவு பார்த்தே சம்பாதிச்சவர் ஒண்ணு சொன்னா, அதுக்கு மேல அளவு எடுக்கத் தோணுமா?

செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப காலம் கடந்துடுச்சு. பெட் கெடச்சுது, டாக்டருங்களும் ராப்பகலா நின்னாங்க, யாரையும் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்மான்னு ஒருத்தர் சொன்னாரு. அந்தக் கொஞ்சம் எங்க போச்சுன்னுதான் நான் இத்தன வருஷமா தேடிக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது தரம் கேக்கறேன். அந்த ஃபோன் வந்தப்ப வீட்ல யாருக்கும் காய்ச்சல் இல்லையா? இருந்துச்சுன்னா கையத் தூக்கினா போதும். நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன். அதெல்லாம் ஆறிப் போச்சு.

மேல லைட்டையே பார்க்கறீங்க. கண்ணு கூசும் சார்.

சரி, இழைச்சாச்சு. இப்ப அளவு எடுக்கணும். இந்த மாவு எறுகற வரைக்கும் வாயக் கெட்டியா மூடக் கூடாது, தொறக்கவும் கூடாது. மூக்கால நிதானமா மூச்ச இழுங்க. ஆழமா. அப்படித்தான். அசைஞ்சீங்கன்னா அளவு தப்பிடும், நாளைக்கு டெம்பரரி பல்லு கூட நிக்காது. நானே பிடிச்சுக்கறேன், உங்க முகத்துக்கு நேரா இருக்கேன், கவலப்படாதீங்க.

போன மாசம் உங்க வீட்டு ஞானம்மாள் மாமி பல்செட் வெக்க வந்திருந்தாங்க, சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. என்ன அருமையான மனுஷி, மனசுல ஒண்ணையும் வெச்சுக்கத் தெரியாது. அந்த வருஷக் கல்யாணத்தப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் எடுக்கல, அவங்களேதான். எங்காத்து மனுஷர் இருக்காரே, பெரிய மூளைக்காரர், கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப அனலாக் கொதிச்சுது, பல் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு மாத்திரையப் போட்டு, குளிர்ந்த தண்ணியில நெத்தியத் தொடச்சுக்கிட்டுப் போனார், துப்பாக்கிக்கு அகப்படவே இல்லன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எந்த டாக்டர்னு அவங்களுக்கு நீங்க சொல்லல போலிருக்கு. நானும் சொல்லல. சிரிச்சேன். அவங்க பல்செட்ட அவ்ளோ பார்த்துப் பார்த்து வெச்சுக் குடுத்தேன். முறுக்கு கடிக்கறாங்களாமே?

மூணாவது தரம். இதுதான் கடைசி. இப்ப எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்க கையால நான் அதப் பார்க்கணும். தூக்குங்க சார். இடது கை. கொஞ்சம் தூக்கினாலும் போதும்.

ரெண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க.

சரி. எறுகிடுச்சு, ஆனா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், ஓரம் நல்லாப் பதியணும்.

பேச்சு சுவாரசியத்துல ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். முந்தாநேத்துலேருந்து எனக்குக் காய்ச்சல். எச்சி முழுங்கினா தொண்டையில முள்ளு குத்துது. நீங்க ஃபோன் பண்ணினப்ப படுத்துத்தான் கெடந்தேன். என்ன வைரஸோ தெரியல, டெஸ்ட் எடுக்கல. செல்விய வர வேணாம்னது அதனாலதான், அது சின்னப் பொண்ணு. ஊசி போடறப்ப மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் போட்டேன். முதல் தரம் கேக்கற வரைக்கும் தள்ளியேதான் நின்னேன், கவனிச்சிருப்பீங்க. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. நீங்க ஒரு தரம் கையத் தூக்கியிருந்தா இந்த மாஸ்க்க ஏத்தி, ஜன்னலத் தொறந்து விட்டு, பல்ல இன்னொரு நாள் பார்த்துக்கலாம்னு அனுப்பியிருப்பேன். ஒவ்வொரு தரமும் காத்திருந்தேன்.

நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டுக்கிட்டேன். துப்பாக்கி அந்த டிராயர்லதான் இருக்கு, என் நெத்தியில வெச்சுப் பாருங்க, பச்சைதான் காட்டும்.

பேரன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அதனால டாக்டரா சொல்றேன், கேட்டுக்கங்க. நாளைக்குப் போகாதீங்க. ஒரு வாரம் தனி ரூம்ல இருங்க. சாருலதாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க. காய்ச்சல் எப்படி ஒட்டிச்சுப்பான்னு கேப்பா, அந்த டாக்டரம்மா எதுக்கு அப்படிப் பண்ணாங்கன்னு கேப்பா, நீங்க அவ கல்யாணத்துலேருந்து ஆரம்பிச்சுச் சொல்ல வேண்டியிருக்கும். நீங்க என்ன சொன்னீங்கன்னு காலைல நானே அவளக் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன், நம்பர் இருக்கு. அதுக்கு முன்னாடி ராத்திரிக்கு உங்களுக்கு வேற ஒரு வழியும் தோணலாம். ஒரு மாத்திரை, கொஞ்சம் குளிர்ந்த தண்ணி. அந்த வழி நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?

எனக்கா? ஒண்ணும் இல்ல சார். வெயில்ல வந்தேன், லேசா தலைவலி, அவ்ளோதான். பயப்படாதீங்க.

அட, இப்பத் தூக்கறீங்களே கைய. வலிக்குதா?