ரெண்டு வூட்டுக்கு நடுவுல

— மண்ணக் கொட்டாத சுசித்ரா! இப்பத்தான் குழி எடுத்தேன். வல்லாரை வெக்கப் போறேன் அங்க.

— வல்லாரையாக்கா? நான் மேடு கட்டி மஞ்சளும் சித்தரத்தையும் வெக்கறதா இருக்கேங்க.

— ஆமா போ, கட்டு! எங்கூட்டுக்கு அது ஈசானிய மூலை. தண்ணி நிக்கணும். பொம்மிடி வைத்தியரு குச்சி நட்டே காட்டிட்டுப் போனாரு.

— எங்கூட்டு மூலிகைத் தோட்டத்துக்கும் அவருதாங்க்கா பஞ்சபூதக் கணக்குல, மூலைக்கு ஒரு பூதம்னு ப்ளான் போட்டாரு. எங்களுக்கு அது கன்னி மூலை, மண்ணு மூலை. பள்ளமே ஆவாதுன்னாரு.

— ஒரே எடம் எப்படிடி ரெண்டு மூலையாவும்?

— உங்க வூட்டுக்கு வடகிழக்கு, எங்க வூட்டுக்குத் தென்மேற்கு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப இத மட்டும் பொதுவுல வுட்டாங்கல்ல.

— அதான் எங்கூட்டுக்காரரு சர்வேயர வரச் சொல்லிட்டாரு. நாளைக்கு நட்டநடுவுல அளந்து கம்பி வேலி போட்டுடுவாங்களாம்.

— உங்க கொழுந்தனாரும் கல்லுத் தூண வாங்கிப் போட்டுட்டாரு. எங்கிட்டயே மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. எனக்கு ஒரு வேலையும் ஓடலக்கா. உள்ள போறேன், வர்றேன், மறுபடி இங்கயே வந்து நிக்கறேன்.

— எனக்கு மட்டும் ஓடுதா? சோறே எறங்கல.

— வேலி வந்துட்டா நீங்க எங்கூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்க.

— நீ மட்டும் வந்துடுவியாக்கும்! அதுக்கு எதுக்குடி அழுவற?

— அழுவலீங்க. அந்தக் குச்சியக் குடுங்க.

— எதுக்கு?

— மண்ணுல கோடு போட்டுப் பாக்கறேன். இது உங்க வூடு. இது எங்க வூடு. ரெண்டும் ஒரே வூடுன்னு வெச்சுக்கங்க. திப்பிலி தென்கிழக்க, நெருப்பு மூலைல. நொச்சி வடமேற்க, காத்துல. தண்ணி வடகிழக்க, எங்க கடைசிக்குப் போவுது. மண்ணு தென்மேற்க, உங்க கடைசிக்கு.

— அட, ஆமா. அப்ப என் வல்லாரை உங்கூட்டுப் பக்கமா?

— உங்களுக்கு இல்லாததாக்கா? என் மஞ்சள் உங்க பக்கம் வருதே.

— சரி, இப்ப நாம நிக்கற எடம்?

— நடு. ஆகாயம். நடுவுக்கு வைத்தியரு என்ன சொன்னாரு?

— ஒரு செடிகூட வெக்காத, வெட்டவெளியா வுட்டுடுன்னு... ஏங்க! ஏங்க, உங்களத்தான்! சர்வேயரு வர வேணாம்னு சொல்லிட்டு, உங்க தம்பியக் கூட்டியாங்க. செடிக்கே ஆவாத எடத்துல வேலிய எங்கங்க நடுவீங்க?