மாப்பிள்ளை, வயசு நாலு

அய்யோ, கத்திரிக்காய்க்கெல்லாம் எந்திரிச்சு நிக்காதீங்க தம்பி, உக்காருங்க. முகம் பார்த்து ஒரு வணக்கம் சொன்னாப் போதும். இந்தக் கடையில அதுதான் முறை. எது தட்டுக்கு வருதோ, அதை முதல்ல உங்களுக்கு அறிமுகம் பண்ணி வைக்கணுமாம். எல்லாம் எங்க மருமகன் ஏற்பாடு. அதோ, அடுப்பு முன்னாடி தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். முன்னாடி சோபா வித்தவரு. போன வாரம் ஒரு அம்மா பூசணிக்காயோட பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் வெட்ட மனசு வரலைன்னு மடியில வச்சு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

சரி, அடுத்து உங்களுக்கு என்ன? பலகையில எழுதியிருக்கிறதா? மாப்பிள்ளையா?

இருங்க, தண்ணி குடிங்க.

மாப்பிள்ளைங்கிறது சேவல் தம்பி. நான் வளர்த்தவன். பேரு வச்சதும் நான்தான். நெஞ்சை நிமித்திக்கிட்டு நடப்பான். வேலை வெட்டி கிடையாது. எல்லாருக்கும் முன்னாடி அவனுக்குச் சாப்பாடு வந்துரணும், கொஞ்சம் லேட்டானா ஊரைக் கூட்டுவான். வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க? சிரிக்காதீங்க, அவரு பாக்குறாரு.

வீட்டுல ஒரு மாப்பிள்ளை, கொல்லையில ஒரு மாப்பிள்ளை. குழப்பம் வராதான்னா, வராது. அவருன்னா மனுஷன், அவன்னா சேவல். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. போன திங்கக்கிழமைதான் சறுக்கிருச்சு. என் மக உள்ளேயிருந்து கேக்குறா, மாப்பிள்ளை எங்கம்மான்னு. நான் கத்துறேன், உரக்குழிகிட்ட நின்னு தொண்டை கிழியக் கூவிக்கிட்டிருக்கான்டி, தின்னு தின்னு கொழுத்துட்டான், கழுத்தைப் பிடிச்சுக் கூடையில அமுக்குன்னு. அந்த நேரம் பாத்து அவரும் அங்கதான் நின்னு போன்ல சத்தம் போட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

அன்னையிலிருந்து பேச்சு வார்த்தை இல்ல. இன்னைக்குக் காலையில பாத்தா பலகையில எழுதிட்டாரு. படிங்க, பெரிசாத்தானே இருக்கு. மாப்பிள்ளை. வயசு நாலு. திமிர் அதிகம். மெதுவா வேகும்.

எவ்வளவோ கெஞ்சினேன். ஒரு ஆளு கேட்டாலும் சட்டியில ஏறும், யாருமே கேக்கலைன்னா விட்டுடறேன் அத்தைன்னாரு. வந்தவங்க அத்தனை பேரையும் கீரைப் பக்கம் திருப்பி விட்டுட்டேன். நீங்கதான் கடைசி மேஜை.

நாலு வயசுச் சேவல் தம்பி. கட்டில் காலைக் கடிக்கிற மாதிரி இருக்கும். உங்க பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானே? முன்பல்லு கட்டினதா? அப்ப வேண்டவே வேண்டாம்.

என்னது, அவருகிட்டயே சொல்லிட்டீங்களா?

தெரியும். நீங்க வாசல்ல சொன்னப்பவே என் காதுல விழுந்துருச்சு. உங்க மனசு எப்படின்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் பேச்சுக் குடுத்தேன். கத்திரிக்காய்க்கே எந்திரிச்சு நின்னீங்களே, அப்பவே எனக்குப் பாதி தெம்பு வந்துருச்சு.

கத்தியை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போறாரு பாருங்க. போகட்டும், போகட்டும். கூடை காலி.

உங்க வீட்டுல கொல்லை இருக்கா? மொட்டை மாடிதானா? போதும், தாராளம். விடியக்காலம் கொஞ்சம் சத்தம் போடுவான், மத்தபடி தங்கம்.

உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கணும், தப்புதான். வண்டிச் சாவியை ஆணியில மாட்டச் சொல்லி என்கிட்டக் குடுத்தீங்கல்ல... கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருக்கேன், பயப்படாதீங்க. பின் சீட்டுலதான் சாக்கு விரிச்சேன். அவன் எங்க கேட்டான்? மாப்பிள்ளை ஆச்சே, முன் சீட்டுக்குத் தாவிட்டான்.

ஆமா தம்பி, அந்த ஹாரன் சத்தம் உங்க வண்டிதான். சாப்பாடு லேட்டாயிருச்சுல்ல.