உப்பு கேட்ட குரல்

இருபது வருஷமாக வாடிக்கையாளர்களோடு பேசிப் பிழைக்கிறேன். ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. உங்கள் அம்மாவிடமும் அப்படித்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், தெமெனுகா. மற்றதை, நேற்று நீங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் பிளவ்திவ் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் வளர்ந்தவன். அப்பா தோல் ஜாக்கெட் விற்றார். "போகோமில், வாங்க வந்தவன் வாசல் வரைக்கும் போவான். போகட்டும். நீயா கூப்பிட்டியோ, அப்புறம் அவன் சொல்றதுதான் விலை" என்பார். பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் எனக்கு இந்த அளவு உதவியதில்லை. புகார்களுக்குப் பதில் சொல்லும் பிரிவுக்கு என்னைத் தலைவனாக்கியதும் இதை வைத்துத்தான்.

ஸ்விர்க்கா பாட்டுக் கேட்கும் மென்பொருள் என்பதும், அதன் ஒன்பதாம் பதிப்பு மார்ச்சில் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அது ஒவ்வொருவர் கணினியிலும் இருந்த பாட்டுகளை எங்கள் கிளவுடுக்கு ஏற்றியது. இன்ன பாட்டு என்று அடையாளம் தெரிந்தால், கணினியில் இருந்த கரகரத்த பதிவை எடுத்துவிட்டு, ஸ்டூடியோவின் சுத்தமான பதிவை அந்த இடத்தில் வைத்தது. எடுத்ததை எங்கள் குப்பைத்தொட்டி முப்பது நாள் வைத்திருக்கும். அறிவிப்பின் பதினாலாம் பக்கத்தில் இது இருக்கிறது. யாரும் படிக்கவில்லை என்று குறை சொல்லவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் நானூறு புகார். "என் பாட்டையெல்லாம் மேகத்துல ஏத்திட்டீங்களா? சரி, மழை பெய்யறப்போ கேட்டுக்கறேன்" என்று ஒருவர். "பழைய பதிப்பைக் கொடுங்கய்யா, உங்க பேரைச் சொல்லி கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தறேன். அங்க உயிரோட இருக்கறவங்களுக்கு ஏத்த ஒரு பக்கம், செத்தவங்களுக்கு ஏத்த ஒரு பக்கம். எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று இன்னொருவர். ரசித்துச் சிரித்தேன். வாயாடுகிற வாடிக்கையாளர் எங்கேயும் போய்விட மாட்டார்.

எனக்குப் பயம் உங்கள் அம்மாவிடம்தான். பதினைந்து வருஷமாக எங்கள் பயனர் மன்றத்தில், யாரும் கேட்காமலே எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தவர். நாட்டின் ஒரு கோடியில் இருக்கும் பர்காஸிலிருந்து மறுகோடி விதின் வரைக்கும் அவர் "வெனேத்தா அத்தை". அவர் பதிப்பு வந்த மூன்றாம் நாள் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு இப்படி எழுதினார்:

"என் புருஷன் ஸ்தோயில் போய் பதினாலு நாள் ஆச்சு. அவர் சமையலறையில பாட்டோட சேர்ந்து பாடினதை ஒருநாள் பதிவு பண்ணி வெச்சிருந்தேன். இப்போ திறந்தா பாட்டு மட்டும் இருக்கு, ரொம்பத் தெளிவா. அவரைக் காணோம்."

சாயங்காலத்துக்குள் அவருக்குக் கீழே முந்நூறு பேர் ஒரு நட்சத்திரம் போட்டார்கள்.

மறுநாள் போன் செய்தார். "தம்பி, பாட்டு எனக்கு வேண்டாம். அது எங்க வேணா கிடைக்கும். நடுவுல அவர் பாடறதை நிறுத்திட்டு, 'வெனேத்தா, உப்பை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?'ன்னு கத்துவார். எனக்கு அது போதும்."

"பார்க்கிறோம் அத்தை. எங்க ஆளுங்க தேடிட்டிருக்காங்க."

யாரும் தேடவில்லை. தேட வேண்டியிருக்கவும் இல்லை. அவர் பேசும்போதே அது என் திரையில் இருந்தது. நான்கு நிமிடம், பதினோரு விநாடி. பக்கத்தில் 'மீட்டெடு' என்று ஒரு பொத்தான். போனை வைத்தபின் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்; சரக்கைப் பார்க்காமல் பேரத்தில் உட்காரக் கூடாது. உங்கள் அப்பாவுக்குச் சுருதி சேரவில்லை. உப்பைக் கேட்கிறார். தூரத்திலிருந்து உங்கள் அம்மா, "உங்க மூக்குக்குக் கீழதான் இருக்கு, பாடற வாயை மூடிட்டுப் பாருங்க" என்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

பதினோராம் நாள் மறுபடி கூப்பிட்டார்.

"அத்தை, நீங்க மன்றத்துல எழுதினது எங்க ஆளுங்க மனசை ஒடிச்சிருச்சு. நல்லதா ரெண்டு வரி எழுதினீங்கன்னா, தேடறவங்களுக்கும் ஒரு தெம்பு வரும்."

"பேரம் பேசறியா, தம்பி?"

"சேச்சே. ஒரு வேண்டுகோள்."

"செத்தவர் குரலுக்கா?"

வைத்துவிட்டார். வாசல் வரை போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் குரல் இறங்கியிருந்தது. "அவர் போன நாப்பதாம் நாளுக்குள்ள கிடைக்குமா தம்பி? கோயில்ல அவர் பேருக்கு வேக வெச்ச கோதுமையைப் படைச்சுட்டு எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. துக்க வீட்டுல பாட்டு போடக் கூடாதுன்னார் பாதிரியார். 'உப்பு கேக்கறது பாட்டா சாமி?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அது தப்பில்லைன்னுட்டார்."

முயற்சி செய்கிறோம் என்றேன்.

இருபத்தாறாம் நாள் எழுதினார்: "புதிய பதிப்பு பழகப் பழக நன்றாக இருக்கிறது. எல்லாரும் பொறுமையாக இருங்கள்." ஐந்து நட்சத்திரம். பதினைந்து வருஷத்தில் அவர் எழுதியதில் கிண்டலே இல்லாத பதிவு அது ஒன்றுதான். மக்கள் அவரை நம்பினார்கள். மூன்றே நாளில் இருநூறு பேர் தங்கள் நட்சத்திரங்களை மாற்றினார்கள்.

அன்றைக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொடுத்திருந்தால் உங்கள் அம்மா சந்தோஷத்தில் மன்றத்தில் எழுதிவிடுவார், கிடைத்துவிட்டது, கேட்டால் கொடுக்கிறார்கள் என்று. அப்புறம் நானூறு பேரும் வந்து நிற்பார்கள். ஒருவருக்குப் பாட்டுக்கு நடுவில் குரைத்த நாய் வேண்டும், இன்னொருவருக்குத் தொட்டிலில் இருமிய குழந்தை வேண்டும். எங்களிடம் இருப்பது நாலு பேர். உங்கள் அம்மாவுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

உங்கள் அப்பா போன நாற்பதாம் நாள், கணினியைத் தட்டுகளுக்கு நடுவில் திறந்து வைத்துவிட்டு, உறவுக்காரர்கள் எழுந்து போகும் வரை உங்கள் அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று சொன்னீர்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு வந்த போன் மட்டும்தான்.

"இன்னிக்கு வரல தம்பி. பரவாயில்ல. பாவம், உங்க ஆளுங்களும் கஷ்டப்பட்டுத்தான் தேடியிருப்பாங்க. நாளைக்கு வந்தாலும் சரி. நான் எழுதினது போதுமா? இன்னும் கொஞ்சம் எழுதணுமா?"

"போதும் அத்தை" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் திரையில் அறிவிப்பு வந்தது. புதிய பதிப்பு வந்து இன்று முப்பதாம் நாள், தொட்டி காலியாகப் போகிறது, சரியா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். நான் எதையும் அழிக்கவில்லை, தெமெனுகா. 'சரி' என்று அழுத்தினேன், அவ்வளவுதான்.

எனவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. எங்கும் இல்லை. என்னிடமும் பிரதி இல்லை. உங்கள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தேடுகிறோம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது.

அவர் தினமும் காலையில் ஸ்விர்க்காவைத் திறந்து, அந்தப் பாட்டைப் பாதி வரை ஓடவிட்டு, ஒரு நொடி காத்திருந்து மூடிவிடுகிறார் என்று சொல்லி அழுதீர்கள். தெரியும். ஏழரை மணிக்கு என் திரையில் அவர் பெயர் பச்சையாகிறது, ஒருநாளும் தவறியதில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். பிடிக்காத ஒன்றை யாராவது தினமும் திறப்பார்களா?