பத்து விதை, முப்பது முளை

எப்போதும் போல, இறங்குற இடத்தைத் தவற விட்டுருவோமோ என்ற பயத்தோடுதான் அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ரெண்டு பொம்பளைகள். ஜன்னலோரம் இருந்த அக்கா திடீரென்று சொன்னாள்:

"பத்து விதை ஊனுனேன், முப்பது முளைச்சிருக்கு. அவதான் சுவரேறி வந்து ஊனியிருக்கா."

"யாரு மதினி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கொழுந்தன் பொண்டாட்டிதான். கொடைக்கானல் போனவ ஒரு கீரை விதை வாங்கியாந்து குடுத்தா. சுவிஸ் சார்டாம், தண்டு செவப்பா வருமாம். சும்மா குடுப்பாளான்னு அப்பவே நெனச்சேன்."

"கூட ஊனுனா அவளுக்கு என்ன லாபம்?"

"நெருக்கிக்கிட்டு ஒண்ணும் தேறாமப் போகணும், அதான். வெள்ளிக்கிழமை கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுன்னு சொல்லிட்டேன்."

பக்கத்துக்காரி பதறிப்போனாள். "மதினி, அது பீட்ரூட்டு சாதி. ஒரு விதைன்னு நாம நெனைக்கிறது, மூணு நாலு விதை ஒட்டுன முடிச்சு. குழிக்கு மூணு முளைக்கத்தான் செய்யும். தெடமா இருக்குறத விட்டுட்டு மத்ததக் கிள்ளிப் போடணும். பாவம், அவளக் கோயில்ல நிப்பாட்டாதீக. இன்னைக்கே போயி வேண்டாம்னு சொல்லிருங்க."

அக்கா ஒத்துக்கொள்ளணுமே என்று பின் சீட்டில் நான்தான் வேண்டிக்கொண்டேன்.

"அவளும் நேத்து இதையேதான் சொன்னா," என்று மெதுவாகத் திரும்பினாள் அக்கா. "உங்கிட்ட எப்ப வந்து பேசுனா?"